தொலைமருத்துவமும் நான்காம் துணையும்

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டுமே நிகழ்ந்துவிடுவதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் நிறைவுக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, இவற்றோடு, நோயாளியின் அருகிலிருந்து வேண்டுவன செய்பவர் ஒருவர். முதல் மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காமவரை மறவாமல் எண்ணியதில்தான் வள்ளுவரின் உலகியல் அறிவு விளங்குகிறது.

அந்த நான்காமவரை நாம் இன்று மறந்துவருகிறோமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். மருத்துவர் ஓரிடத்திலும் நோயாளி வேறோரிடத்திலும் இருக்க, தொலைபேசி, காணொளி, இணையம் ஆகியவற்றின் வழியே நடைபெறும் மருத்துவத்தைத் தொலைமருத்துவம் என்கிறோம். பெரிய மருத்துவமனைகள் மட்டுமல்லாமல், கடைத்தெருவில் ஒற்றை அறையில் நடைபெறும் சிறு மருத்துவகங்களும் இதனை ஏற்கத் தொடங்கிவிட்டன. ஏற்பதா, மறுப்பதா என்னும் வினாவிற்குக் காலமே விடையளித்துவிட்டது. எவ்வாறு ஏற்பது என்பதே எஞ்சியுள்ள வினா. நோயாளியின் கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும் என்பர் ஒரு சாரார். அது போதாது, நோயாளியின் அருகே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கும்போதுதான் தொலைமருத்துவம் முழுமையான மருத்துவமாகிறது என்பது நம் கருத்து.

வரலாறு உணர்த்துவது

தொலைமருத்துவம் கைப்பேசியோடு பிறந்ததன்று. ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வாழ்ந்த வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். பின்னர், 1924இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்கருவியோ மிகப் பெரியது. நோயாளியிடம் எடுத்துச் செல்ல இயலாதது. ஆதலின் 1905ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தம் ஆய்வுக்கூடத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியாக அம்மின்னலைகளை வரச்செய்து பதிவு செய்தார். அன்றும் நோயாளியின் பக்கத்தில் ஒருவர் நின்று கம்பிகளைப் பொருத்தவேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பெருவெளியில் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தன. அங்கே ஜான் பிளின் என்னும் சமயப் பணியாளர் 1928ஆம் ஆண்டில் 'பறக்கும் மருத்துவர்' பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஆல்பிரெட் டிரேகர் உருவாக்கிய, காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவி பண்ணை வீடுகளுக்கு வந்தது. ஆயினும் வானொலியில் மருத்துவர் சொல்லும் மருந்தின் பெயரை மருத்துவம் அறியாதார் எங்ஙனம் அடையாளம் காண்பர்? 1942ஆம் ஆண்டு முதல் மருந்துகள் எண்ணிடப்பட்டு, ஒரே மாதிரியான பெட்டிகளில் வழங்கப்பட்டன. மருத்துவர் எண்ணைச் சொல்வார். பெட்டியைக் காத்துவந்தவர் எடுத்துக் கொடுப்பார். குரலைக் கொண்டுவந்தது வானொலி. ஆனால் அக்குரலைச் செயலாக்கியது பெட்டியருகே இருந்த ஒரு கை. எளிய மக்களையும் துணைநிற்போராக ஆக்கிய அந்த ஏற்பாட்டை எண்ணி வியக்கிறோம்.

நம் மண்ணின் முயற்சிகள்

நம் நாட்டில் இவ்வகை முயற்சி 2000ஆம் ஆண்டை ஒட்டி வேகம் பெற்றது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா என்னும் சிற்றூரில் அப்பல்லோ நிறுவனம் அவ்வாண்டில் தொலைமருத்துவப் பணியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ செயற்கைக்கோள் வழி இத்துறைக்குத் துணைநின்றது. எனினும், நாம் பெருமிதத்தோடு சுட்டத்தக்க சான்றுகள் தமிழ்நாட்டிலேயே உள்ளன.

மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். அந்நிறுவனம் பின்னாளில் சிற்றூர்களில் கண் பராமரிப்பு மையங்களை அமைத்தது. தேனிப் பகுதியில் அம்மையங்களை மருத்துவமனையோடு இணைக்க, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பை வடிவமைத்துத் தந்தனர். அந்த மையத்தில் மருத்துவர் இல்லை. ஆனால் அது யாருமற்ற வெற்றறையும் அன்று. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் அங்கே இருக்கிறார். வருவோரின் பார்வையை அவரே அளக்கிறார். கண்ணைக் கருவியால் சோதித்துக் குறிப்பெடுக்கிறார். அதன் பின்னரே மருத்துவர் திரையில் தோன்றுகிறார். அரவிந்த் நிறுவனம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து ஈராண்டுப் பயிற்சியளித்துக் கண் மருத்துவப் பணியாளராக்குவதைப் பல்லாண்டுகளாக வழக்கமாகக் கொண்டுள்ளது. கம்பியில்லா இணைப்பைப் போற்றும் உலகம் அந்தப் பெண்களையும் போற்றவேண்டாவா?

சூணாம்பேடு இன்னொரு சான்று. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூரைச் சுற்றிய 42 சிற்றூர்களில், சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று ஊர்தியிலேயே சோதனைக் கருவிகளை ஏற்றிச் சென்றது. விழித்திரையின் படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்குச் சென்றன. அங்கும் படமெடுப்போரும் மக்களை அழைத்து வருவோரும் களத்திலேயே இருந்தனர்.

மாரடைப்புச் சிகிச்சையில் நிகழ்ந்த முயற்சி இவற்றினும் குறிப்பிடத்தக்கது. சிறு மருத்துவமனைகளை இதயச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, சிற்றூரில் எடுக்கும் இ.சி.ஜி.யை உடனே அங்குள்ள மருத்துவர் காணுமாறு செய்யும் திட்டம் தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு முதல் ஆராயப்பட்டது. 2017இல் வெளிவந்த அதன் முடிவின்படி, மாரடைப்புற்றோருள் ஓராண்டுக்குள் இறந்தோர் விழுக்காடு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தது. இது கருவியின் வெற்றி மட்டுமன்று. நெஞ்சில் கம்பிகளைச் சரியான இடத்தில் பொருத்தத் தெரிந்த பணியாளர், விரைந்து வரும் ஆம்புலன்ஸ், காத்திருக்கும் மருத்துவக் குழு ஆகிய அனைத்தும் ஒருங்கிணைந்த ஏற்பாட்டின் வெற்றி அது.

2020ஆம் ஆண்டும் அதன் பின்னும்

பெருந்தொற்றுக் காலத்திற்கு முன்னர் நம் நாட்டு மருத்துவர் பலர் தொலைமருத்துவத்தை அணுகத் தயங்கினர். அத்தயக்கம் பொருளற்றதன்று. நோயாளியை நேரில் காணாமல் தொலைபேசி வழியே மருந்து கூறிய வழக்கொன்றில் மும்பை உயர்நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு மருத்துவர்க்கு முன்பிணை மறுத்தது. அதுகாறும் தெளிவான விதிமுறை இல்லாதிருந்ததே இடர்ப்பாட்டின் வேர். 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளியாயின. பதிவுபெற்ற மருத்துவரே ஆலோசனை கூறலாம். நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்திருத்தல் வேண்டும். ஆவணங்களைப் பேணல் வேண்டும். மயக்கத்திற்கும் அடிமைத்தனத்திற்கும் இடந்தரும் மருந்துகளை எழுதலாகாது. செயற்கை நுண்ணறிவுப் பொறி தானே மருந்து எழுதலாகாது என்றெல்லாம் அவை வரையறுத்தன. நேரில் காணவேண்டிய நோய் எது என்று முடிவுசெய்யும் உரிமையும் கடமையும் மருத்துவருடையன என்பதும் அவற்றின் சாரம்.

நடுவண் அரசின் இ-சஞ்சீவனித் திட்டம் இரு வழிகளில் இயங்கியது. ஒன்று, 2019ஆம் ஆண்டு தொடங்கியது. நலவாழ்வு மையத்திற்கு வரும் நோயாளியை அங்குள்ள சுகாதாரப் பணியாளர் தம் அருகில் அமர்த்தித் தொலைவிலுள்ள மருத்துவரோடு பேசச்செய்வது. மற்றொன்று, 2020 ஏப்ரலில் தொடங்கியது. நோயாளி தம் இல்லத்திலிருந்து தாமே மருத்துவரை அழைப்பது. 2023 பிப்ரவரியில் இத்திட்டத்தின் ஆலோசனைகள் 10 கோடியைத் தொட்டன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி முதல் வழியில், அஃதாவது அருகில் ஒருவர் அமர்ந்திருக்க நடந்தவையாகும். அரசின் ஏற்பாடும் முனைப்பும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. எனினும், எளிய மக்கள் எந்த வாயிலின் வழியே உள்ளே வந்தனர் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

தனியார் மருத்துவகங்களில் நாம் காண்பது வேறொரு காட்சி. சோதனை முடிவின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் செல்கிறது. மாத்திரையின் பெயர் ஒன்று திரும்பி வருகிறது. ஆவணமும் இல்லை, அடுத்த முறை காண்பதற்குக் குறிப்பும் இல்லை. இதனைத் தொலைமருத்துவம் என்பதினும் தொலைந்த மருத்துவம் என்பதே பொருந்தும்.

திரை காட்டாதவை

நீரிழிவு நோயை எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுற்றுள்ளனர் எனக் கணித்தது. இவர்களுள் பலருக்குக் காலப்போக்கில் பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. முள் குத்தினாலும் தெரிவதில்லை. செருப்பு கடித்துப் புண்ணானாலும் வலிப்பதில்லை. வலியாத புண்ணை நோயாளி சொல்லமாட்டார். சொல்லாததை மருத்துவர் தொலைபேசியில் அறியமாட்டார். சர்க்கரையின் அளவு என்னவென்று வினவி, மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ உரையாடல் முடிந்துவிடும். புண்ணோ புரையோடிக்கொண்டிருக்கும். நேரில் சென்றால் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் உளர். தொலைமருத்துவத்தில் அக்காலணியைக் கழற்றச் சொல்பவர் யார்? அருகே ஒருவர் இருந்தால் பாதத்தைப் பார்ப்பார். படம் எடுத்து அனுப்புவார். ஒரு கால் காக்கப்படுவதும் இழக்கப்படுவதும் இத்துணைச் சிறிய செயலைப் பொறுத்து அமையக்கூடும்.

மகளிரின் நிலை தனித்துக் கருதத்தக்கது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் இந்தியாவில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. எஞ்சியோர் கணவர், மகன், தந்தை ஆகியோரின் கைப்பேசியில்தான் தம் உடல்நலத்தைப் பேசவேண்டும். கூடத்தில் நால்வர் அமர்ந்திருக்க, மாதவிடாய்த் துன்பத்தையோ மார்பில் தோன்றிய கட்டியையோ ஒரு பெண் எவ்வாறு சொல்வார்? பெண் மருத்துவரிடம் மட்டுமே மனந்திறக்கும் வழக்கமுடைய குடும்பங்கள் நம்மிடையே பல. தொலைவிலுள்ள பெண் மருத்துவரை ஊருக்கே கொணரும் ஆற்றல் தொலைமருத்துவத்திற்கு உண்டு. ஆயின், கதவு சாத்திய ஓர் அறையும், துணையாக ஒரு பெண் பணியாளரும் இருந்தாலன்றி அந்த ஆற்றல் பயன்படாது.

எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்திற்கு மறுப்புகள் எழக்கூடும். அருகிலிருக்க ஒருவரை அமர்த்தினால் செலவு கூடாதா என்பது முதல் மறுப்பு. கூடும், ஆனால் ஒரு மருத்துவருக்கு ஒரு பணியாளர் என்று எண்ணவேண்டுவதில்லை. ஓர் ஊரின் மையத்தில் இருக்கும் ஒருவர் பல மருத்துவரின் நோயாளிகளுக்கும் துணைநிற்கலாம். அச்செலவைப் பல மருத்துவகங்கள் பகிர்ந்துகொள்ளலாம். மேலும், நகரத்திற்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும், நோயாளியும் உடன்செல்பவரும் இழக்கும் ஒருநாள் கூலியும் கணக்கில் சேரவேண்டாவா?

நோயாளியின் இரகசியம் மூன்றாமவர் செவிக்குச் செல்லுமே என்பது இரண்டாவது மறுப்பு. இஃது உண்மையான இடர். ஆதலின் துணைநிற்போர்க்கான பயிற்சியில் முதற்பாடம் வாய்க்கட்டுப்பாடாகவே இருத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரைப் பற்றிய செய்திகளைக் காக்கும் பொறுப்பை வலியுறுத்துகிறது. நோயாளி விரும்பினால் பணியாளர் வெளியே செல்லவும் வேண்டும்.

எல்லா நோய்க்கும் இது தேவையா என்பது மூன்றாவது மறுப்பு. தேவையில்லை என்பதை ஒப்புகிறோம். முன்னரே கண்ட மருத்துவரிடம் சோதனை முடிவைக் காட்டி ஐயம் தீர்த்துக்கொள்ளக் கைப்பேசியே போதும். மனவேதனையில் உழல்வோர்க்குத் தனிமையில் பேசுவதே ஆறுதலாகவும் அமையலாம். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் திட்டத்தின் 14416 என்னும் எண் அத்தகையோர்க்கு உரியது. மாணவர்கள் அதனைக் குறித்துவைத்துக்கொள்வது நன்று. ஆனால் விலக்கையே விதியாக்கிவிடலாகாது. முதியோர், முதன்முறை வருவோர், எழுத்தறியாதோர், நாட்பட்ட நோயுற்றோர் ஆகியோர்க்கு அருகிலொரு துணை வேண்டும் என்பதே விதியாதல் வேண்டும்.

சொல்லே சான்றாகும்போது

தமிழ்த்துறையின் மலரில் இதனை எழுதுவதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. தொட்டறியும் வாய்ப்பு இல்லாதபோது மருத்துவருக்கு எஞ்சுவன காட்சியும் சொல்லுமே. இணைப்பு தடைபட்டுக் காட்சி மங்கினால் சொல் ஒன்றே சான்று. நோயைச் சொல்லத் தமிழில் எத்துணை நுண்ணிய சொற்கள் உள்ளன! நெஞ்சு கரிக்கிறது என்பது ஒன்று. நெஞ்சு அடைக்கிறது என்பது வேறு. நெஞ்சு படபடக்கிறது என்பது இன்னொன்று. மூச்சு வாங்குதல், மூச்சு முட்டுதல், மூச்சு திணறுதல் ஆகியன வெவ்வேறு நிலைகள். கால் எரிவதும், மதமதப்பதும், மரத்துப்போவதும் ஒன்றல்ல. 'ஏதோ வாயுப்பிடிப்பு' என்று சொல்லி மாரடைப்பைப் பொருட்படுத்தாது விடும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு.

ஆங்கிலவழியில் பயின்ற இளம் மருத்துவர் இச்சொற்களின் வேறுபாட்டை அறிந்திராமல் போகலாம். நோயாளியோ மருத்துவர் முன் கூச்சத்தால் 'வலிக்கிறது' என்னும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். இடையே நிற்பவர் இரு தரப்பையும் இணைக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கவும் செய்தார். கலைச்சொற்களை உருவாக்கிய அப்பணி போற்றத்தக்கது. இன்று அதனோடு மறுதிசைப் பணியும் வேண்டும். மக்கள் வழங்கும் நோய்ச்சொற்களை வட்டாரந்தோறும் திரட்டி, ஒவ்வொன்றும் எக்குறியைச் சுட்டுகிறது என்று மருத்துவரோடு அமர்ந்து தெளிந்து, கையடக்க நூலாக்கித் தருதல் தமிழ்த்துறை மாணவரால் ஆகக்கூடிய செயல். தமிழ் படித்து என்ன பயன் என்று வினவுவோர்க்கு அஃதொரு நேரிய விடையாகவும் அமையும்.

செய்யவேண்டுவன

மருத்துவர்களை நாம் வேண்டுவது இது: காணொளிக் கருவியை வாங்குமுன், நோயாளியின் பக்கம் யார் இருப்பார் என்று வினவுங்கள். செவிலியர் ஒருவருக்கோ அவ்வூரின் படித்த பெண் ஒருவருக்கோ இரத்த அழுத்தம் அளக்கவும், பாதம் பார்க்கவும், அபாயக் குறிகளை உணரவும், உடனே நேரில் அனுப்பவேண்டியவரை இனங்காணவும் பயிற்சி கொடுங்கள்.

அரசினை வேண்டுவது: வழிகாட்டுதல்கள் மருத்துவரின் கடமையைத் தெளிவுறுத்தியவாறே, துணைநிற்போரின் பயிற்சியையும் ஊதியத்தையும் பொறுப்பையும் தெளிவுறுத்துக. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாயிலுக்கே பணியாளரை அனுப்புகிறது. அப்பணியாளரோடு தொலைவிலுள்ள மருத்துவரை இணைத்தால் நான்கு கூறுகளும் ஒரு கூரையின்கீழ்க் கூடும்.

சமுதாயப் பெரியோரை வேண்டுவது: ஜமாஅத் மண்டபமோ, கோயில் மண்டபமோ, ஊராட்சிக் கட்டடமோ, ஓர் அறையும் ஒரு கதவும் ஒரு மின்னிணைப்பும் போதும். திருமண மண்டபங்கள் பல கட்டிய ஊர்களுக்கு இது பெருஞ்சுமையன்று. எல்லாச் சமயத்தார்க்கும் திறந்த வாயிலாக அவ்வறை விளங்குதல் வேண்டும்.

மாணவரை வேண்டுவது மிகச் சிறிது. உங்கள் இல்லத்து முதியோர் மருத்துவரோடு கைப்பேசியில் பேசும்போது அருகில் அமருங்கள். அவர்கள் மறந்ததை நினைவூட்டுங்கள். மருத்துவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் வேளையை விளக்குங்கள். பாதத்தை ஒருமுறை பாருங்கள்.

தொலைவைக் குறைக்கும் கருவிகள் இன்னும் பல வரும். அவை வரட்டும், வரவேற்போம். ஆயினும் எந்தக் கருவியும் நோயாளியின் தனிமையைத் தானே போக்கிவிடாது. அதனைப் போக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த நான்காம் துணையை ஊர்தோறும் உருவாக்குவோம்.